ஸ்ட்ரோலரா, ஸ்லிங்கா? முதல்ல படிக்கட்டை எண்ணுங்க

இந்த வாரம் சாஃப்ட்வேருக்கு லீவு. நேயர் ஒருத்தங்க அனுப்பின வாய்ஸ் நோட்டுக்குத்தான் முழு எபிசோடும். "அக்கா, பெரியவனுக்கு ஒன்றரை வயசு. அடுத்த குழந்தை அடுத்த மாசம் வருது. ஸ்ட்ரோலர் வாங்கறதா, ஸ்லிங் வாங்கறதா? ரெண்டு பேர் உட்காரற டபுள் ஸ்ட்ரோலர் ஒண்ணு பார்த்தேன், ஆஃபர்ல இருக்கு. வாங்கிடட்டுமா?"

ஆஃபரை விட்டுடுங்கம்மா. சென்னை மாதிரி ஊர்ல, லிஃப்ட் இல்லாத வீட்டுல இருந்தா என் பதில் இதுதான்: சின்னது நெஞ்சுல, பெரியது சக்கரத்துல. பிறந்த குழந்தைக்கு ஒரு நல்ல ஸ்லிங், ஒன்றரை வயசுக்காரனுக்கு மடக்கித் தூக்கக்கூடிய லேசான ஸ்ட்ரோலர். இதுக்குக் காரணம் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா, உங்க வீட்டுக்கு வேற பதில் வந்தாலும் நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்லிடறேன். வேளச்சேரியில ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 38 படி. சின்னவன் பிறந்தப்போ பெரியவளுக்கு 22 மாசம், 11 கிலோ. எனக்கு சிசேரியன். கைக்குழந்தையைவிடக் கனமான எதையும் சில வாரத்துக்குத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் என் இடுப்புதான் பெரியவளோட சிம்மாசனம். ராத்திரி தூங்கப் போனவ காலையில எழுந்து பார்த்தா அம்மா இல்ல; நாலு நாள் கழிச்சு வந்த அம்மா தூக்க மாட்டேங்கறா, ஆனா கையில வேற ஒரு குழந்தை. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அம்மா ரெண்டு மாசம் கூட இருந்துட்டு ஊருக்குக் கிளம்பினாங்க. வீட்டுக்காரர் காலையில எட்டரைக்குக் கிளம்பினா திரும்பி வர ஏழு மணி. நடுவுல பத்தரை மணி நேரம், ரெண்டு குழந்தை, ரெண்டு கை. கேட்டுக்கு வெளியே நேரா ரோடு. பெரியவ படியிலிருந்து கேட்டுக்கு ஓடிப் போக நாலு செகண்ட் போதும்.

அதனால எனக்கு இருந்த ரெக்வயர்மென்ட் ஒண்ணே ஒண்ணு. வெளியே இறங்கினா எப்பவும் ஒரு கை காலியா இருக்கணும். அந்தக் கை பெரியவளுக்கு.

கடையில யாரும் இதைக் கேட்க மாட்டாங்க. கப் ஹோல்டர் இருக்கா, கலர் என்ன, எத்தனை வயசு வரைக்கும் வரும், இதுதான் பேச்சு. நீங்க முதல்ல எடுக்க வேண்டியது உங்க பாதையோட கணக்கு. வாரத்துல அடிக்கடி போற மூணு இடத்தை எழுதுங்க. டாக்டர், பார்க், அம்மா வீடு, எதுவா இருந்தாலும் சரி. வீட்டு வாசல்லேர்ந்து அங்க போய்ச் சேர எத்தனை படி, நடைபாதை இருக்கா, இருந்தா எத்தனை இடத்துல அறுந்து போகுது, ஆட்டோவா, பஸ்ஸா, மெட்ரோவா? ஒரு நாள் சும்மா நடந்து பார்த்துக் குறிச்சுக்கோங்க. எனக்குப் பார்க் 600 மீட்டர்தான். அதுக்குள்ள நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு ஒன்பது தடவை இறங்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர், ஜூஸ் கடை, நிறுத்தி வச்ச பைக்கு, திறந்து போட்ட மழைநீர் வடிகால், மறுபடி பைக்கு.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டியில், நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விடவேண்டும், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தி.நகர் பாண்டி பஜார்ல 2019-ல திறந்த நடைபாதை வளாகத்துல போய்த் தள்ளிப் பாருங்க, வண்டி வெண்ணெய் மாதிரி போகும். அந்த நடைபாதை முடியற இடத்துல உங்க ஸ்ட்ரோலரும் முடிஞ்சது.

இங்க கொஞ்சம் இன்ஜினியரிங் பேசிக்கறேன், பொறுத்துக்கோங்க. ஒரு சக்கரம் ஒரு திட்டுல முட்டி ஏறணும்னா எவ்வளவு தள்ளணும்? அது சக்கரத்தோட ஆரத்தையும் திட்டோட உயரத்தையும் பொறுத்தது. மலிவான ஸ்ட்ரோலர்ல முன்சக்கரம் 12 சென்டிமீட்டர் விட்டம், அதாவது ஆரம் 6. பெயர்ந்து நிக்கற ஒரு டைல்ஸ் விளிம்பு 4 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. கணக்குப் போட்டா, அந்தச் சக்கரத்து மேல இருக்கற எடையைப் போல கிட்டத்தட்ட 2.8 மடங்கு விசையில நேரா முன்னாடி தள்ளணும். அதே திட்டு, சக்கரம் மட்டும் 24 சென்டிமீட்டர்னா 1.1 மடங்கு போதும். திட்டோட உயரம் ஆரத்தைத் தொட்டுடுச்சுன்னா எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. சின்னச் சக்கர வண்டி நம்ம ரோட்டுல ஏன் சட்டுனு நின்னு குழந்தையை முன்னாடி தூக்கிப் போடப் பார்க்குதுன்னு இப்போ புரியுதா? பெல்ட்டை எப்பவும் மாட்டுங்கன்னு சொல்றது இதுக்காகத்தான். தோள், இடுப்பு, கவட்டை, மூணையும் பிடிக்கற அஞ்சு முனை பெல்ட் இல்லாத ஸ்ட்ரோலரை எடுக்காதீங்க. திட்டு வந்தா கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குங்க, இல்லன்னா வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா இழுங்க.

அப்போ பெரிய சக்கர வண்டியே வாங்கிடலாமேன்னு கேட்பீங்க. பெரிய சக்கரம்னா பெரிய சட்டம், எடை பத்து கிலோவைத் தாண்டும். என் 38 படி அங்கதான் குறுக்க வருது. 10 கிலோ வண்டி, 11 கிலோ பெரியவ, 4 கிலோ சின்னவன். ஏதாவது ஒண்ணைக் கீழே விட்டுட்டு மேல போகணும். எதை விடுவீங்க? நாங்க ஆறு கிலோ சொச்சத்துல ஒரு மடக்கு வண்டி வாங்கினோம். முன்சக்கரம் சுமார்தான், ஆனா ஒரு கையால மடக்கலாம். அதை மேல கொண்டு போறதே இல்ல. மாடிப்படிக்குக் கீழ, மீட்டர் பெட்டி பக்கத்துல, சைக்கிள் பூட்டுப் போட்டு நிக்குது. ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டோம். வண்டிக்கு எங்க இடம்ங்கறதை வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

இந்த லேசான மடக்கு வண்டிக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. ஓவன் மெக்லாரன்னு ஒரு பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ரெண்டாம் உலகப்போர்ல பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தோட தரையிறங்கு சக்கர அமைப்புல வேலை செஞ்சவர். பொண்ணு பேத்தியோட வெளிநாட்டுலேர்ந்து வந்தப்போ, கனமான தள்ளுவண்டியோட அவ படற பாட்டைப் பார்த்தார். விமானத்துக்குள்ள சக்கரத்தை மடக்கத் தெரிஞ்ச மனுஷன், அலுமினியக் குழாயை வச்சுக் குடை மாதிரி மடங்கற வண்டியை 1965-ல வடிவமைச்சார். எடை மூணு கிலோ அளவுதான். இன்னைக்கு எல்லா மடக்கு வண்டியும் ஒரு வகையில அதோட வாரிசு. அந்த மடக்குக் கீலுக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2009-ல் அமெரிக்காவில் அதே மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவிப்பு வந்தது. கீலில் மாட்டிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. கீலை மூட உறை கொடுத்தார்கள். வீட்டுல ஒன்றரை வயசு இருந்தா, வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் அந்தக் கை எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டே செய்யுங்க. அவங்களுக்கு "நானே பண்றேன்" வயசு அது.

சரி, பிறந்த குழந்தைக்கு இந்த மடக்கு வண்டி ஏன் ஆகாது? உட்கார வைக்கற சீட் அவனுக்குச் சீட்டே இல்ல. தலை உடம்பு நீளத்துல கால் பங்கு, கழுத்துல பலம் கிடையாது. சாய்ஞ்ச சீட்டுல வச்சா தலை முன்னாடி விழுந்து தாடை நெஞ்சைத் தொடும். ஐரோப்பிய தரவிதி, பிறந்ததுமே பயன்படுத்தற வண்டியில முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவுல குறைஞ்சது 150 டிகிரி கோணம் கேட்குது. அதாவது கிட்டத்தட்ட படுக்கை. அட்டைப்பெட்டி மேல "0+ மாதம்"னு போட்டிருந்தாலும், கடையிலேயே முழுசா சாய்ச்சுப் பாருங்க. பாதி படுக்கையில நின்னுச்சுன்னா அது ஆறு மாசத்துக்கு மேற்பட்ட வண்டி, அவ்வளவுதான்.

இப்போ ஸ்லிங். இங்கதான் நான் நிறைய நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா தப்பாக் கட்டினா உயிர் போற விஷயம்.

குழந்தையோட மூச்சுக்குழாயை ஒரு மெல்லிசான ஸ்ட்ரான்னு நினைச்சுக்கோங்க. ஸ்ட்ராவை மடிச்சா அடைச்சுக்கும். தாடை நெஞ்சோட ஒட்டினா நடக்கறது அதுதான். பெரியவங்களா இருந்தா திணறி எழுந்துடுவோம். ரெண்டு மாசக் குழந்தைக்குத் தலையைத் தூக்கத் தெரியாது, கத்தவும் முடியாது. தூங்கற மாதிரியேதான் தெரியும். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய இருபது ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பான குறைந்தது 14 மரணங்களை அவர்கள் கணக்கெடுத்திருந்தார்கள். அவற்றில் 12, நாலு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள். அந்தச் சமயத்துல ரீகால் ஆனவை ஆழமான பை மாதிரியான ஸ்லிங்குகள். குழந்தை உள்ள சுருண்டு கிடக்கும், துணி முகத்தை மூடும், அம்மாவுக்கு முகம் தெரியாது.

பிரிட்டன்ல ஸ்லிங் தயாரிக்கறவங்களும் சொல்லிக் கொடுக்கறவங்களும் சேர்ந்து இதுக்கு அஞ்சு விதி வச்சிருக்காங்க. நான் அதை ஒரு செக்லிஸ்ட்டாவே மனசுல ஓட்டுவேன். துணி இறுக்கமா இருக்கா? தளர்ந்தா குழந்தை கீழ சரிஞ்சு சுருளும். குனிஞ்சு பார்த்தா முகம் தெரியுதா? எதையும் விலக்காம தெரியணும். உச்சந்தலையில முத்தம் கொடுக்கற உயரத்துல இருக்கா? தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் போகற இடைவெளி இருக்கா? முதுகு தாங்கலா இருக்கா, அதாவது முதுகுல கையை வச்சு லேசா அழுத்தினா குழந்தை உங்க மேல இன்னும் மடங்காம இருக்கா? இந்த அஞ்சுல ஒண்ணு இல்லன்னாலும் அவிழ்த்துட்டு மறுபடி கட்டுங்க. ஸ்லிங்குக்குள்ளேயே பால் கொடுத்தா, குடிச்சு முடிச்சதும் நிமிர்ந்த நிலைக்குத் தூக்கி வச்சிடுங்க. குறைமாசக் குழந்தைன்னாலோ, எடை குறைவுன்னாலோ, சளி பிடிச்சு மூக்கடைச்சிருந்தாலோ டாக்டரைக் கேட்காம ஸ்லிங்கைத் தொடாதீங்க.

எடைன்னதும் ஒண்ணு. வெளிநாட்டு பக்கிள் கேரியர் நிறைய 3.2, 3.5 கிலோவிலிருந்துதான் ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல 2.7, 2.8 கிலோவுல பிறக்கறது ரொம்ப சகஜம். கேரியர் அகலமா இருந்து குழந்தை சின்னதா இருந்தா உள்ள மூழ்கிடும். பெட்டி மேல இருக்கற குறைந்தபட்ச எடையைப் படிச்சுட்டு வாங்குங்க.

அடுத்தது இடுப்பு மூட்டு. பிறந்தப்போ இடுப்புக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்புதான். காலை நேரா நீட்டி இறுக்கிக் கட்டினா மூட்டு நழுவற அபாயம் கூடும். கால் அகட்டி, முழங்கால் புட்டத்தைவிடக் கொஞ்சம் மேல இருந்தா பந்து கிண்ணத்துக்குள்ள ஒழுங்கா உட்காரும். ஜப்பானில் 1975-ல் ஆரம்பித்த பிரசாரம், காலை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று வீடுவீடாகச் சொல்லியே இடுப்பு நழுவலைப் பெருமளவு குறைத்தது. கவட்டையில மட்டும் குறுகலா ஒரு பட்டை, ரெண்டு காலும் தொங்கிக்கிட்டு இருக்கற மலிவு கேரியர் நிறைய விக்குது. தொடை முழுக்க, முழங்கால் மடிப்பு வரைக்கும் தாங்கற அகலமானதைத் தேடுங்க.

இந்த முழங்கால் கணக்கைச் சொன்னதும் எங்கம்மா சிரிச்சாங்க. "இடுப்புல வச்சா கால் அப்படித்தாண்டி வரும். இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?" உண்மைதான். நம்ம பாட்டிங்க இடுப்புல ஒரு பக்கமா குழந்தையை வச்சுக்கிட்டுத் தண்ணி எடுத்தப்போ இருந்த அதே நிலைதான் இது. துணியில குழந்தையைச் சுமக்கறது நமக்குப் புதுசும் இல்ல. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டவங்க கரும்புல புடவைத் தொட்டில் கட்டி, அதுல குழந்தையைப் போட்டுத் தூக்கிக்கிட்டுக் கோயிலைச் சுத்தறது இன்னைக்கும் நடக்குது. மேற்கத்திய நாட்டுக்காரங்கதான் சுத்தி வந்தாங்க. ஆன் மூர்னு ஒரு அமெரிக்க நர்ஸ், பீஸ் கோர் வேலையா ஆப்பிரிக்காவுல டோகோ போனவங்க, அங்க அம்மாக்கள் குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு வேலை செய்யறதைப் பார்த்துட்டு வந்து, தன் அம்மாகிட்டச் சொல்லித் தைக்க வச்சதுதான் ஸ்னக்ளி. 1969-ல பேட்டன்ட் வாங்கினாங்க. பக்கிள் கேரியருக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

வகைகளை வேகமா முடிச்சிடறேன். இழுபடற துணியில நீளமா வர்ற ராப், முதல் மூணு மாசத்துக்கு மெத்துனு இருக்கும், ஆனா மூணு சுத்து. மே மாசச் சென்னையில மூணு சுத்துங்கறது சொந்தச் செலவுல ஆவி பிடிக்கறது. பக்கிள் கேரியர் எளிது, ரெண்டு தோளும் இடுப்பும் எடையைப் பகிர்ந்துக்கும், அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்திப் போடலாம். என்னைப் பொறுத்தவரை சிசேரியன் தழும்பு மேல பெல்ட் உட்கார்ந்தது; மேல ஏத்திக் கட்டியும் சரிப்படல. அதனால முதல் மூணு மாசம் ரிங் ஸ்லிங். கைத்தறிப் பருத்தித் துணி, ஒரு முனையில ரெண்டு வளையம், ஒரே அடுக்கு. எடை முழுக்க ஒரே தோள்லங்கறதால முக்கால் மணி நேரத்துக்கு மேல போனா வலிக்கும். கட்டக் கத்துக்க ஒரு வாரம் ஆகும். கண்ணாடி முன்னாடி, கட்டில் மேல உட்கார்ந்து, அஞ்சு கிலோ அரிசிப் பையை வச்சுத்தான் பழகினேன். எதை வாங்கினாலும் உயரமா, நெருக்கமாக் கட்டுங்க. 4 கிலோ உங்க முதுகெலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கறதுக்கும் 20 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கறதுக்கும் முதுகுல விழற திருப்புவிசை ரெண்டு மடங்கு. முதுகுவலிக்கு ஸ்லிங்கைத் திட்டறவங்கள்ல பாதிப்பேர் அதைத் தளர்வாக் கட்டியிருப்பாங்க.

ரிங் ஸ்லிங் எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது பெரியவ. மூணு மாசம் கழிச்சு டாக்டர் தூக்கலாம்னு சொன்னதும், அதே துணியில அவளை இடுப்புப் பக்கம் வச்சுக் கட்டினேன். பத்து நிமிஷம், சின்னவன் தூங்கற நேரத்துல. ஏறி உட்கார்ந்தவ ஒண்ணும் பேசல, என் கழுத்துல மூஞ்சியை வச்சுக்கிட்டா. அதுக்கு முன்னாடி மூணு மாசம், என் பழைய துப்பட்டாவுல அவளோட கரடிப் பொம்மையைக் கட்டிக்கிட்டு என் கூடவே நடந்தா. கரடிக்கும் தாடை செக் பண்ணுவா.

கட்டிக்கிட்டா குழந்தை அழாதுங்கற விளம்பரத்தை அப்படியே நம்பாதீங்க. 1986-ல் கனடாவில் 99 தாய்-சேய் ஜோடிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. எல்லாரும் மேற்கோள் காட்டறது இதைத்தான். 1995-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் வரவில்லை. இதை யாரும் சொல்றதில்ல. ஆனா நடந்தா அழுகை அடங்குதுங்கறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. ஜப்பானின் ரிக்கன் ஆய்வுக்கூடத்தில் 2022-ல் கண்டது: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அஞ்சு நிமிஷம் நடக்க வேண்டும், தூங்கிவிட்டால் மேலும் அஞ்சிலிருந்து எட்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்த வேண்டும். அசையாமல் உட்கார்ந்தபடி தூக்கி வைத்தால் அழுகை அடங்கவில்லை. அசையும் தொட்டிலில் ஓரளவு அடங்கியது. அப்போ ஸ்ட்ரோலரும் வேலை செய்யும், அசைவு இருந்தா போதும். குறைமாசக் குழந்தைகளுக்குத் தோலோடு தோலா வைக்கற கங்காரு பராமரிப்பு வேற கணக்கு. 1978-ல கொலம்பியாவுல பொகோட்டா நகரத்துல ஆரம்பிச்ச அந்த முறை உயிரைக் காப்பாத்துதுங்கறது நிரூபணமான விஷயம். அதுக்கு மருத்துவமனை சொல்லிக் கொடுக்கும், கடை ஸ்லிங் அதுக்கில்ல.

இனி டபுள் ஸ்ட்ரோலர். பக்கத்துப் பக்கமா ரெண்டு சீட் வச்சது 75 சென்டிமீட்டர் அகலம் வரும். எங்க கேட்டைத் தாண்டும், நிறுத்தின பைக்குக்கு நடுவுல தாண்டாது. முன்னும் பின்னும் சீட் வச்சது நீளம், திட்டு ஏத்தறது கஷ்டம். ரெண்டு குழந்தையும் உட்கார்ந்தா மொத்தம் 25, 30 கிலோ. சின்னவன் நிமிர்ந்து உட்கார ஆறு மாசம் ஆகும், அதுக்குள்ள உங்க பெரியவனுக்கு ரெண்டு வயசு தாண்டிடும், "நான் நடக்கறேன்"னு இறங்கிடுவான். இரட்டைக் குழந்தைன்னா, இல்ல ஓ.எம்.ஆர். பக்கம் லிஃப்ட்டும் ரேம்ப்பும் உள்ளேயே நடைபாதையும் இருக்கற அடுக்குமாடின்னா, தாராளமா வாங்குங்க. அந்த மாதிரி வளாகத்துல இருந்தா நான் ஸ்லிங்கைவிட, படுக்கை வச்ச ஒற்றை ஸ்ட்ரோலரைத்தான் முதல்ல வாங்கியிருப்பேன். முதுகு மிச்சம்.

வெயில் ரெண்டுக்கும் பொது. ஸ்லிங்னா ரெண்டு உடம்புச் சூடு ஒண்ணா சேருது. துணியை ஒரு உடுப்பாக் கணக்கு வச்சு, உள்ள ஒரு மெல்லிய ஜபலாவோட நிறுத்திக்கோங்க. ஸ்ட்ரோலர்ல நம்ம ஆளுங்க பண்ற ஒரு வேலை இருக்கு, வெயில் படாம மேல துணியைப் போர்த்தறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது, உலர்ந்த மெல்லிய துணி போர்த்தியதில் உள்ளே வெப்பம் ரெண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. ஈரத்துணியும் சின்ன விசிறியும் சேர்ந்து நாலரை டிகிரிக்கு மேல் குறைத்தது. ஈரத்துணி ஆறணும்னா காத்து உலர்ந்திருக்கணும், நம்ம கடலோரப் புழுக்கத்துல அந்தப் பலனை முழுசா எதிர்பார்க்காதீங்க. பதினொண்ணுலேர்ந்து நாலு மணி வரைக்கும் வீட்டுலயே இருங்க. புகையும் உண்டு. தள்ளுவண்டிக் குழந்தையோட மூக்கு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்துல, வண்டிகளோட சைலன்சருக்குப் பக்கத்துல இருக்கு. மெயின் ரோட்டு சிக்னல்ல நிக்கறதைவிட உள்தெரு வழியா சுத்திப் போறது நல்லது.

பயணம். மெட்ரோவுல லிஃப்ட் இருக்கு, ஸ்ட்ரோலர் நிம்மதி. மாநகரப் பேருந்துல 2024 ஆகஸ்ட்லேர்ந்து ஓடற தாழ்தளப் பேருந்து வந்தா ஏத்தலாம்; மத்த பஸ்ஸுல மடக்கிக் கையில பிடிக்கணும், அப்போ சின்னவன் ஸ்லிங்ல இருந்தாத்தான் உண்டு. ஆட்டோவுல ஸ்லிங் குலுக்கலுக்கு உதவும். ஆனா அது மோதல்ல காப்பாத்தற சாதனம் இல்ல, கார்லயும் அப்படித்தான். கார்னா கார் சீட்தான்.

பைக் பத்தி நேராவே சொல்றேன். குழந்தையை ஸ்லிங்ல கட்டிக்கிட்டு ஸ்கூட்டி ஓட்டறதோ, பின்னாடி உட்கார்றதோ வேண்டவே வேண்டாம். விழுந்தா உங்க உடம்பு மொத்த எடையும் அது மேல. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து, ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, நாலு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் கூட்டிப்போனால் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை தலைக்கவசம் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாசத்துக்குக் கீழ உள்ள தலைக்குக் கவசம் பத்தி அந்த விதி பேசவே இல்ல. அந்த வயசுல ஆட்டோ காசு பார்க்காதீங்க.

கடைசியா செகண்ட் ஹேண்ட். ஸ்ட்ரோலரைத் தயங்காம பழசு வாங்கலாம். பிரேக்கைப் போட்டு சரிவுல நிறுத்திப் பாருங்க, விரிச்சதும் பூட்டு "டக்"குனு விழுதான்னு கேளுங்க, கைப்பிடியில பை மாட்டினா பின்பக்கம் சாயுதான்னு ஒரு அரிசிப் பையை சீட்டுல வச்சுப் பாருங்க. கேரியர் பழசுன்னா தையலையும் பக்கிளையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். பக்கிள்ல கீறல் இருந்தா அது எவ்வளவு விலை குறைவா இருந்தாலும் வேண்டாம். ரிங் ஸ்லிங்ல வளையம் ஒட்டு இல்லாம ஒரே வார்ப்பா இருக்கணும்.

எங்க மடக்கு வண்டியில இப்போ எட்டு மாசத்துச் சின்னவன் உட்கார்றான், பெரியவ பக்கத்துல கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறா. பிடிச்சுக்கிட்டு நடக்கற மூடு இல்லாத நாள்ல ஸ்லிங் என் பையில இருக்கு. அடுத்த வாரம் பழையபடி டேட்டாபேஸ். வரட்டுமா.